பாயம்மா பீரோவில் ஐந்து பைகள்

எல்லாம் நல்லபடியாக முடிந்து பத்து நாள் ஆகிறது. இருந்தாலும் எங்கேயாவது பீரோக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் நான் இன்னும் எழுந்து போய் எங்கள் காகிதப் பையைத் திறந்து பார்க்கிறேன். மகள் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் சிரிக்கலாம். அவளுக்கு இருபத்து நான்கு வயது, எனக்கு ஐம்பத்தாறு.

ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் இருபத்தேழு வருஷமாக வேலை செய்கிறேன். கப்பலில் வரும் சரக்கை வெளியே எடுப்பதற்கான காகிதங்களைச் சரிபார்த்து அடுக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு காகிதம் குறைந்தாலும் கன்டெய்னர் நகராது. இத்தனை வருஷத்தில் என் மேஜையில் ஒரு துண்டுச் சீட்டுகூடத் தொலைந்ததில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சொந்த வீட்டில் ஒரு பை நிறையக் காகிதம் காணாமல் போனபோது என் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று தெரிவதற்காகச் சொல்கிறேன்.

பயம் அதற்கு ஒரு வருஷம் முன்பே தொடங்கிவிட்டது. ஒரு நாள் அடுப்பில் பால் பொங்குகிறது, எனக்கு இடுக்கி வேண்டும், ஆனால் 'இடுக்கி' என்ற சொல் வரவில்லை. "அதாங்க, சூடா இருக்கறத கவ்வித் தூக்குமே, அத எடுங்க" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். "இன்னாது, கிரேனா?" என்றார். பால் அடுப்பெல்லாம் வழிந்தது. அவர் அன்று முழுவதும் சிரித்தார். நான் அன்று முழுவதும் கவலைப்பட்டேன்.

பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்க ஆரம்பித்தால் எல்லாமே கண்ணில் படும். மீன் வாங்கத்தான் கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் போனேன், கொத்துமல்லிக் கட்டோடு வீடு திரும்பினேன். அலுவலகத்தில் பக்கத்து மேஜைப் பெண்ணை அவளுடைய அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சமையலறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நின்றேன். கைபேசியில் மறதி பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அது எனக்கு வேறெந்த வீடியோவும் காட்டவில்லை. வாரத்தில் நான்கு நாள் வல்லாரைத் துவையல் அரைத்தேன். மெட்ரோவில் வேலைக்குப் போகும்போது தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட் என்று ஸ்டேஷன்களை மனத்துக்குள் ஒப்பித்துப் பார்ப்பேன். பிறகு தலைகீழாக. தலைகீழாகச் சொல்லும்போது எங்கேயாவது இடறினால் அன்றைய சாப்பாடு இறங்காது.

வீட்டுக்காரருக்கு வல்லாரை பிடிக்காது. "ரெண்டு பேருக்கும் சேத்து நீயே துன்னு" என்று தட்டைத் தள்ளுவார். அவர் என்னைவிட மோசமாக மறப்பவர். தக்காளி வாங்கச் சொன்னால் பூட்டு வாங்கி வருவார். ஆனால் அவர் மறந்தால் அது அவருடைய சுபாவம். நான் மறந்தால்தான் நோய். இப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை, நானே எனக்குள் வைத்திருந்த சட்டம்.

இனி பை விஷயம். நாங்கள் காலடிப்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். பெரிய மழை என்றால் தெருத் தண்ணீர் வாசல்படி ஏறி உள்ளே வரும். அதனால் மழை எச்சரிக்கை வந்ததுமே எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. அரிசி மூட்டை கட்டில் மேல் ஏறும், சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு கட்டுவோம், வீட்டின் முக்கியமான காகிதங்கள் எல்லாம் எதிர்வீட்டு மாடியில் இருக்கும் பாயம்மாவிடம் போகும்.

பாயம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். அவருடைய கணவர் வண்ணாரப்பேட்டையில் துணி வியாபாரம் செய்தவர், இப்போது இல்லை. பெரிய மர பீரோ ஒன்று அவரிடம் இருக்கிறது. அதன் நடுத்தட்டு எங்கள் தெருவுக்கென்றே ஒதுக்கியது. தரைத்தள வீடுகள் ஐந்து, ஆக ஐந்து பைகள். பட்டா, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் அதில்தான். இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் அமானிதம். நம்பி ஒப்படைத்த பொருள் என்று அர்த்தம். திறந்து பார்க்க மாட்டார், பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்ப மாட்டார். வீட்டுக்காரிகள்தான் நேரில் வர வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது, அதை யாரும் சங்கடமாக நினைத்ததில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் பலர் அரசுப் பள்ளியில் அடுத்தடுத்த வருஷங்களில் படித்தவர்கள். எல்லோருக்கும் இலவச லேப்டாப் கிடைத்தது, அதோடு ஒரு கறுப்புப் பையும் கிடைத்தது. லேப்டாப்கள் எப்போதோ செத்துவிட்டன. பைகள் மட்டும் சாகவில்லை. தண்ணீர் சுலபத்தில் உள்ளே போகாது, ஜிப் நன்றாக மூடும். ஆக ஐந்து வீட்டுக் காகிதங்களும் ஒரே மாதிரி ஐந்து பைகளில்தான் மாடி ஏறின. எது யாருடையது என்பது பாயம்மாவின் தலைக்குள் இருந்தது. பெயர் எழுதி ஒட்டட்டுமா என்று ஒருமுறை கேட்டதற்கு, "எழ்தி ஒட்னா என் மேல நம்பிக்க இல்லேன்னு அர்த்தம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போன மழைக்குக் கொடுத்த பையை நான் திரும்ப வாங்கவே இல்லை. மேலே இருந்தால் பத்திரம்தானே என்று நான்கு மாதம் விட்டுவிட்டேன்.

மகள் ஓர் அரசு வேலைக்குத் தேர்வு எழுதியிருந்தாள். ஒரு புதன்கிழமை அவளுக்குத் தகவல் வந்தது. திங்கட்கிழமை காலை சான்றிதழ் சரிபார்ப்பு, அசல் எல்லாவற்றையும் கொண்டு வர வேண்டும். வராவிட்டால் வாய்ப்பு அடுத்தவருக்கு. அவள் இரண்டு வருஷம் படித்துக் காத்திருந்த கடிதம் அது. வீட்டில் கேசரி கிளறினோம். வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து, சிரித்துக்கொண்டே மாடி ஏறினேன்.

"உன் பையா?" என்றார் பாயம்மா. "உன் பைய நீ எட்த்துனு போயிட்டியே கண்ணு. மழ வுட்டு மூணா நாளு வந்த. இதோ, இங்கதான் குந்திகினு டீ குட்ச்ச."

"நானா?"

"பின்ன நானா? ரெண்டாவது டம்ளர்கூட கேட்டு வாங்கிக் குட்ச்சியே."

பையைக் கொடுத்தது நினைவிருக்கிறது. திரும்ப வாங்கியது துளியும் நினைவில்லை. பீரோவைத் திறந்து காட்டினார். நடுத்தட்டில் ஒரே ஒரு கறுப்புப் பை இருந்தது.

"அது யாருது பாயம்மா?"

"கடைசி வூட்டு பொண்ணுது. வூட்ட காலி பண்ணிகினு புழலாண்ட போச்சே, அது. அப்பால வந்து எட்த்துக்கும்."

"ஒரு தபா தொறந்து பாத்துடலாமா?"

அவர் பீரோவைச் சாத்தினார். "அமானிதம்மா அது. அடுத்தவ பைய உனக்குத் தொறந்து காட்னா, நாளைக்கு உன் பைய அவளுக்குத் தொறந்து காட்ட மாட்டேனா? வூட்ல நல்லா தேடிப் பாரு. வயசானா அப்டித்தான். இதுக்கெல்லாம் பேஜாராவாத."

படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். சொல் மறப்பது வேறு. ஒரு சாயங்காலமே மறந்து போவது வேறு. ஒரு வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, இரண்டு டம்ளர் டீ குடித்து, பையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், அத்தனையும் துடைத்ததுபோல் போயிருக்கிறது. அந்த வீடியோக்களில் சொன்னதெல்லாம் இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு வீட்டைக் கவிழ்த்தோம். பரண் முழுவதையும் வீட்டுக்காரர் இறக்கினார். தனித்தனியாக மூன்று முறை வாங்கிய குக்கர் கேஸ்கட் கிடைத்தது. அவருடைய கல்யாணச் செருப்பில் ஒற்றைக் கால் கிடைத்தது. "இத்தக் காணோம்னு எத்தினி வருசமா தேடிகினுகீறேன்!" என்று சந்தோஷப்பட்டு அதை மாட்டிப் பார்த்தார். எனக்கு அழுகையாக வந்தது. மகளிடம் பை பரணில் எங்கேயோ இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். உன் அம்மாவுக்கு மூளை கரைகிறது என்று, வேலைக்குப் போகப் போகும் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? இனி என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று அவள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டால்?

சனிக்கிழமை மத்தியானம் துணி அலமாரியை அவள் குடைந்துகொண்டிருந்தாள். சேலைகளுக்கு அடியில் இருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை உருவினாள். பறிக்கப் போனேன். அதற்குள் பிரித்துவிட்டாள்.

அது நான் ரகசியமாக எழுதி வந்தது. என்றைக்கு எதை மறந்தேன் என்ற பட்டியல். டாக்டரிடம் என்றைக்காவது போனால் காட்டலாம் என்று வைத்திருந்தேன். மகள் உரக்கப் படித்தாள்.

"'செவ்வாய். இடுக்கி என்ற சொல் வரவில்லை.' 'ஞாயிறு. குழம்பில் உப்பு இரண்டு முறை.' 'திங்கள். டோல்கேட்டுக்கு அப்புறம் என்ன ஸ்டேஷன் என்று பத்து விநாடி தெரியவில்லை.' அம்மா, இன்னாம்மா இது? விநாடி எண்ணிருக்க!"

"குடுடீ."

"உப்பு ரெண்டு தடவ போட்டது நான். நீ எழுதிக்கினியா அத?"

என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பை பரணில் இல்லை, எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, வாங்கியதே நினைவில்லை, உன் வேலை என்னால் போகப் போகிறது. வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு காலில் அந்தப் பழைய செருப்பு இருந்தது.

மகள் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை நான் எழுதியது.

"'பாயம்மாவிடம் பை வாங்கியது நினைவில்லை. டீ குடித்ததும் நினைவில்லை. இரண்டு டம்ளர்.'" நிமிர்ந்து பார்த்தாள். "யாரு டீ குடிச்சது?"

"நான்தான்."

"நீ எங்கம்மா டீ குடிக்கிற?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வயிற்றுப் புண் வந்த வருஷத்தில் இருந்து நான் டீ குடிப்பதில்லை. ஆறு வருஷம் ஆகிறது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில்கூட மோர் கேட்டு வாங்குகிறவள் நான். என் மறதிமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. பாயம்மா சொன்னதும் டீ குடித்தேன் என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.

"அப்ப டீ குடிச்சது யாரு?" என்றார் வீட்டுக்காரர்.

கடைசி வீட்டுப் பெண் டீக்கு அடிமை. காலையில் குழாயடியில் நிற்கும்போதே கையில் டம்ளரோடு நிற்பவள். அவளுக்கு போன் போட்டேன்.

"என் பையி எங்கையிலதாங்க்கா கீது. மழ வுட்டு மூணா நாளே போய் வாங்கியாந்துட்டேன். பாயம்மா டீல்லாம் குட்த்துச்சு. ஏங்க்கா?"

"அத கொஞ்சம் தொறந்து பாரேன்."

ஜிப் இழுக்கும் சத்தம் போனில் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

"அய்ய! யாரு மார்க் சீட்டு இது? நம்ம பாப்பாவுதாட்டம் கீதே! போட்டோல எண்ணெய் தேச்சு ரெட்ட ஜட போட்டுகினு..."

"அது பத்தாவது!" என்று மகள் பக்கத்திலிருந்து கத்தினாள். "கீழ பாருக்கா, டிகிரி இருக்கா? டிசி? கம்யூனிட்டி?"

"எல்லாம் கீது, எல்லாம் கீது. ஏன் இப்டி கத்துற?"

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் மகளும் புழலுக்குப் போனோம். சிறைச்சாலையின் நீண்ட மதில் தெரியும் ஒரு தெருவில் முதல் மாடியில் அவள் வீடு. தரைத்தளமே வேண்டாம் என்று தேடிப் பிடித்தாளாம். பையை வாங்கியதும் மகள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு சான்றிதழாக எடுத்துப் பார்த்தாள். நான் இரண்டாம் முறை சரிபார்த்தேன். தொழில் பழக்கம்.

"மன்னிச்சிடுக்கா" என்று அவள் மூன்று முறை சொன்னாள். ஆனால் அவள் முழித்தது வேறு ஒரு காரணத்துக்காக. மூலையில் நாற்காலியில் அவளுடைய மாமியார் உட்கார்ந்து எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கேஸ் சிலிண்டர் புக்கும் அந்தப் பைலதான இருந்திருக்கும்?" என்றார் மாமியார்.

"ஆமா அத்தே. மழைக்கு முன்னாடி நான்தான் போட்டேன், இப்பதான் நெனப்பு வருது."

"அப்ப இது அந்தப் பையி இல்ல."

"இல்ல அத்தே."

"நாலு மாசமா என்னப் பாத்து இன்னா சொன்ன? 'நீதான் எங்கியோ வெச்சிட்டு மறந்துட்ட, உனக்கு புத்தி பேதலிச்சி போச்சு.' சொன்னியா இல்லியா? நானும் மெய்யாலுமே நாமதான் தொலச்சிட்டோம்னு அரிசி டப்பா, பருப்பு டப்பா எல்லாத்தையும் கொட்டிக் கொட்டிப் பாத்துகினுகீறேன்!" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ நல்லா இரு தாயி. இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்."

அந்த வீட்டில் அன்றைக்கு மாமியாருக்குத்தான் முதல் தட்டு சாப்பாடு. நாங்களும் சாப்பிட்டோம். மருமகள் டீ போட்டாள். அவளே இரண்டு டம்ளர் குடித்தாள்.

திங்கட்கிழமை மகளோடு நானும் போனேன். என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு, உள்ளே என்னென்ன கேட்பார்கள் என்று நினைத்து வியர்த்துக்கொண்டிருந்தேன். அரை மணியில் வந்துவிட்டாள்.

"முடிஞ்சிதும்மா."

"எல்லாத்தையும் பாத்தாங்களா?"

"புரட்டினாங்க. மூணு நிமிஷம்கூட ஆகல."

மூன்று நிமிஷத்துக்காகவா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

பாயம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் மிச்சம். வழியெல்லாம் யோசித்தேன். வயதானால் அப்படித்தான் என்று அவர் என்னிடம் சொன்னது எனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். தெருவே நம்பும் மனுஷி அவர். பையை ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. பழி என் மேலேயே இருக்கட்டும், எனக்குத்தான் அது பழகிவிட்டதே என்று முடிவு செய்தேன். மகளுக்குப் பிடிக்கவில்லை. "இவ்ளோ நாள் மறதி வந்துடுச்சேன்னு அழுத, இப்ப இல்லாத மறதிய இருக்குன்னு பொய் சொல்லப் போறியா?" என்றாள்.

சாயங்காலம் மேலே போனேன். பாயம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"பை கெடச்சிடுச்சு பாயம்மா. எங்க பரண்லயே இருந்துது. நான்தான் மறந்துட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். "பரண்லயா?"

"ஆமா. குக்கர் கேஸ்கட்டுக்குப் பின்னாடி."

"அந்தப் புழல் பொண்ணு நேத்தே போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிச்சு" என்றார். "கேஸ் புக்கு வேற கேட்டுச்சு. நீ ஏன் எனக்கோசரம் பொய் சொல்ற?"

பாயம்மா மடியிலிருந்து பீரோச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அமானிதத்த ஆள் மாத்திக் குட்த்துட்டேன். அந்தக் கொழந்த வேலைக்கி இன்னா ஆயிருக்கும்? ராவெல்லாம் தூங்கல. இன்மே இது நம்மளால ஆவாது. நீ ஆபீஸ்ல இத்தினி காயிதம் பாக்கறவ, சாவிய நீ வெச்சிக்கோ."

"நான் வெச்சுக்கிறேன் பாயம்மா. ஆனா எங்க வெப்பேன்? எங்க வீட்டுல முட்டி வரைக்கும் தண்ணி வருமே."

அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். சாவி அவர் மடிக்கே போனது. "அப்ப பேரு எழ்தி ஒட்டு" என்றார். "பெருசா எழ்து. கண்ணும் சரியாத் தெர்ல."

டாக்டரிடம் போகலாம் என்று மகள் எனக்கு அடுத்த மாதத்துக்கு நேரம் வாங்கியிருப்பதைச் சொன்னேன். ஒன்றும் இருக்காது, ஆனாலும் பார்த்துவிடலாம் என்று அவள் சொல்கிறாள். போகவே பயமாக இருக்கிறது என்பதையும் சொன்னேன். இன்னா கேப்பாங்க என்றார். கிழமை கேட்பார்களாம், நூறிலிருந்து பின்னோக்கிக் கழிக்கச் சொல்வார்களாம், சில சொற்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்களாம் என்றேன்.

"எனக்கும் சேத்து ஒரு சீட்டு போடச் சொல்லு" என்றார் பாயம்மா. "ஆனா மொதல்ல உன்ன பாக்கட்டும். நா பக்கத்துல குந்திகினு இன்னா இன்னா கேக்கறாரோ அத்தினியும் மனப்பாடம் பண்ணிக்கறேன்."